பார்வையம்மா நடித்த படம்

திரை முழுக்க ஒரு பிரெஞ்சு நடிகையின் முகம் வந்து நின்றது. நான் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

"ஆன்ட்டி, மறைக்குது லா," என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

உட்கார்ந்தேன். அந்த முகத்தை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கோத்தா திங்கியில் என் செசிலி அக்கா வீட்டுக் கூடத்தில் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. தலைக்குப் பின்னால் பொன் வளையம்கூட உண்டு. அதன் முன்னால் நாங்கள் குடும்பத்தோடு முழங்கால் போட்டு செபம் சொல்லி வளர்ந்தவர்கள்.

படம் போட்ட இடத்தைச் சொல்லவில்லையே. மலேசியாவின் தென்கோடியில், ஜொகூர் பாருவின் பழைய கடைவீதியில் ஹாரூன் குடும்பத்துச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கீழே மீன் தலைக் கறி, மாடியில் உலக சினிமா. ஹாரூனின் அத்தா ராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து வந்து கடை போட்டவர். மகன் வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தான். அந்தப் படிப்பு வீணாகக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுகிறான். பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் காரோட்டிக்கொண்டு போவதற்குப் பாதிக் காரணம் படம். மீதிப் பாதி, இடைவேளையில் அவன் கொடுக்கும் கறிபாப் பலகாரம்.

அன்று போட்டது பேசாப் படம். பின்னணிக்கு யாரோ ஒரு பையன் கீபோர்டு வாசித்தான். அவனையும் மீறிக் கீழேயிருந்து "ரொட்டி கோசோங் ரெண்டு, தே ஓ ஒண்ணு" என்று ரொட்டிக்கும் தேநீருக்கும் ஆர்டர் சொல்லும் சத்தம் வந்துகொண்டிருந்தது. மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி, கடலுக்குப் போன புருஷன் திரும்பாததால் தலையில் துணி போர்த்தி வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். கண் நிறைய நீர். அப்போதுதான் நான் எழுந்து நின்றது.

அடுத்த காட்சியில் எங்கள் புனிதை மதுக்கடைக்குள் நுழைந்தார். ஒரு கோப்பையை ஒரே மடக்கில் குடித்தார். பக்கத்தில் வந்து இளித்த ஒருத்தனை ஓங்கி ஓர் அறை விட்டார். மாடியே கைதட்டியது. நான் மட்டும் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தேன்.

தட்டு எங்கே?

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை என் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக் காமாட்சி வாராவாரம் வாசித்துக் காட்டுகிறாள். ஆகவே கூட்டியோ குறைத்தோ எழுத எனக்கு வழியில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்தப் படம் எங்கள் குடும்பத்துக்கு வந்தது ஒரு பிரெஞ்சுச் சாமியார் மூலமாக. அந்தக் காலத்தில் அவர் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். மந்திரங்களைப் பிழையில்லாமல் ஒப்பிப்பவர்களுக்கு ஒரு புனிதர் படம் பரிசு. அப்படி எங்கள் தாத்தா சிறுபிள்ளையாக இருந்தபோது வாங்கிய அட்டை அது. முன்பக்கத்தில் பெயர் ஏதும் இல்லை. பின்பக்கத்தைப் பசை போட்டுப் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

பிறகு எங்கள் அப்பா அதைக் கோத்தா திங்கியில் ஒரு சீனர் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினார். கறுப்பு வெள்ளை அழுமூஞ்சியாக இருக்கிறது என்று வண்ணமும் தீட்டச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் கன்னத்துக்கு ரோஜா நிறம், முக்காட்டுக்கு நீலம் கொடுத்தார். பொன் வளையம் அப்பா கேட்டு வாங்கியது.

யார் இந்தப் புனிதை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கண்களைப் பாருங்கள், இமையெல்லாம் வீங்கி நீர் கட்டி நிற்கும். கண் வலியை அனுபவித்தவர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆகவே கண்ணுக்குப் பாதுகாவலி இவர்தான் என்று முடிவாகிப் பார்வையம்மா என்று பெயரும் விழுந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு ஒரு பாதுகாவலி தேவைதான். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டுகிறவர்கள் நாள் முழுக்க அண்ணாந்தே நிற்பார்கள். மட்டைத் தூசியும் பூவும் நேராகக் கண்ணில்தான் விழும். அக்கா புருஷனும் குலை வெட்டியவர்தான். அக்கா கீழே உதிரிப் பழம் பொறுக்கினாள். கண் உறுத்தினால் பார்வையம்மாவின் கண்ணாடியில் கைக்குட்டையைத் தொட்டு இமையில் ஒற்றிக்கொள்வது தோட்டத்தில் வழக்கமாயிற்று. வேதக்காரர்கள், இந்துக்கள் என்ற பேதமெல்லாம் இல்லை. காமாட்சியே ஒற்றியிருக்கிறாள்.

கோயிலில் புதிதாக வந்த ஃபாதர் ஒருவர் வீடு மந்திரிக்க வந்தபோது படத்தை உற்றுப் பார்த்தார்.

"கண்ணுக்குப் புனிதைன்னா கையில தட்டு இருக்கணுமே. தட்டுல ரெண்டு கண்ணு இருக்குமே. தட்டு எங்கம்மா?"

"தட்டு கீழ இருக்குங்க ஃபாதர். படம் கழுத்தோட நின்னு போச்சு," என்றாள் அக்கா.

ஃபாதர் சிரித்துவிட்டுத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஒருமுறை ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தபோது அக்கா தொலைக்காட்சியை விட்டுவிட்டுப் பார்வையம்மாவைத்தான் தலையில் வைத்துக்கொண்டு நிவாரணப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். தொலைக்காட்சி நான் வாங்கிக் கொடுத்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காவின் கண்

உண்மையில் எனக்கு அந்தப் படத்தின்மேல் கோபம் உண்டு.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம். வலது கண்ணில் ஓரம் மங்க ஆரம்பித்தபோதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். "அம்மா பார்த்துக்குவாங்க" என்று கைக்குட்டையை ஒற்றிக்கொண்டே நாளைக் கடத்தினாள். நான் அப்போது சிங்கப்பூரில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் வேலை பார்த்தேன். விடியுமுன் எல்லைப் பாலத்தைத் தாண்டி, இருட்டிய பிறகு திரும்பும் பிழைப்பு. நான் விஷயம் அறிந்து அவளை இழுத்துக்கொண்டு போனபோது வலது கண் முழுக்கப் போய்விட்டது.

இடது கண்ணுக்கும் அதே கதி வரப் பார்த்தது. மருந்துக்கு அடங்கவில்லை, அறுவை செய்தால்தான் இருக்கிற பார்வையாவது நிற்கும், தள்ளிப் போடாதீர்கள் என்று ஜொகூர் பாருவில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கத்தி என்றாலே நடுக்கம். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் எழுந்து போனேன். ஒருவழியாகச் சம்மதித்தாள், ஒரே நிபந்தனையோடு.

"பார்வையம்மா கூட வரணும். அறுவை அறை வாசல் வரைக்கும். அவங்க வந்தாத்தான் நானும் வருவேன்."

ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியிடம் கேட்டேன். துணியில் சுற்றி வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை என்றாள். நாளும் குறித்தாயிற்று. அதற்கு முந்தைய வாரம்தான் நான் ஹாரூன் மாடிக்குப் போனேன், மனசைக் கொஞ்சம் லேசாக்கிக்கொள்ளலாம் என்று.

ஹாரூன் சொன்னது

படம் முடிந்ததும் ஹாரூனைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருப்பா அந்தப் பொம்பளை?"

"சொலான்ஜ் கார்வெல், ஆன்ட்டி. ஒரு காலத்துல பிரான்ஸ் முழுக்க அவங்க படம் போட்ட போஸ்ட்கார்டு வித்துச்சு. தெரியுமா உங்களுக்கு?"

"கொஞ்சம் தெரியும்," என்றேன்.

அவனுக்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும். கூடையில் மிச்சமிருந்த கறிபாப்பை என்னிடம் தள்ளிவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.

துறைமுக ஊர் ஒன்றில் வலை பின்னும் வீட்டில் பிறந்தவராம். சந்தைக் கொட்டகை நாடகங்களில் ஆடிக்கொண்டிருந்தவரை யாரோ சினிமாவுக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்து ஃபிலிமில் சிவப்பு நிறம் கறுப்பாகத்தான் விழுமாம். அதனால் முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு நடித்திருக்கிறார். எங்கள் ஸ்டூடியோக்காரர் ரோஜாக் கன்னம் தீட்டியது நினைவுக்கு வந்தது.

"மத்தவங்கள்லாம் கையக் கால ஆட்டி நடிச்சாங்க ஆன்ட்டி. இவங்க சும்மா நிப்பாங்க. கேமரா கிட்ட வந்து பாத்துக்கட்டும்னு நிப்பாங்க. பின்னால வந்த எத்தனையோ நடிகைங்க இவங்கள பாத்துத்தான் சும்மா நிக்கக் கத்துக்கிட்டாங்க."

"அந்தக் கண்ணீர்? கிளிசரினா?"

"இல்ல ஆன்ட்டி, அது நெசம். அப்ப ஆர்க் லைட்டு. கார்பன் எரியும், தூசி பறக்கும், வெளிச்சம் கண்ணச் சுட்டுரும். சாயங்காலமானா கண்ணு வீங்கித் திறக்க முடியாது. இவங்க உருளைக்கிழங்க வெட்டிக் கண்ணுல வச்சுக்கிட்டு இருட்டு ரூம்ல படுத்துக் கிடப்பாங்களாம். கொஞ்சம் தெளிஞ்சதும் திரும்பப் போய் லைட்டு முன்னால நிப்பாங்க."

பேசும் படம் வந்தபோது இவருக்குக் குரல் பிரச்சினை இல்லையாம், நல்ல குரல்தான். ஆனால் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாமல் போய்விட்டது. வாய்ப்புகள் நின்றன. கல்யாணம் காட்சி இல்லை, பிள்ளை குட்டி இல்லை. தையல் கடை வைத்தார், அதற்கும் கண் வேண்டுமே. கடைசிக் காலம் பார்வையில்லாமல் ஒரு விடுதியில் கழிந்தது. நடித்த படங்களில் பெரும்பாலானவை எரிந்தும் உருகியும் போய்விட்டன. முழுதாக மிஞ்சியது அன்று நாங்கள் பார்த்த ஒன்றுதான்.

அந்தப் போஸ்ட்கார்டு சாமியாரின் படக்கட்டுக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய தங்கை யாராவது ஊரிலிருந்து அனுப்பியதாக இருக்கலாம். அல்லது சாமியாரும் மனுஷர்தானே.

எங்கள் வீட்டுப் படத்தின் கதையை அவனிடம் சொன்னேன். "அலமாக்!" என்று நாற்காலியில் சாய்ந்தான். பிறகு, "அக்காகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டான்.

அதுதான் எனக்கும் கவலை. சொன்னால் அக்காவுக்கு இருக்கிற கொஞ்ச தைரியமும் போய்விடும், அறுவைக்கு வரமாட்டாள். சொல்லாவிட்டால் ஒரு சினிமாக்காரியின் படத்தைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரி நடையில் நான் சுமந்து நிற்கவேண்டும். நிற்கலாம், அதனால் என்ன, கண்தான் முக்கியம் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடை வைன்

வாரத்தின் நடுவில் அக்காவுக்குத் துணிமணி எடுத்து வைக்கக் கோத்தா திங்கி போனேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லூர்து, எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா இவங்கள நம்ம கோயில்ல வச்சிரச் சொல்லு. ஃபாதர்கிட்ட பேசிட்டேன். பீடத்துக்குப் பக்கத்துல இடம் இருக்குன்னாரு."

என் முடிவு அங்கேயே உடைந்தது. வீட்டுக் கூடத்தில் இருந்தால் அது எங்கள் பாடு. பீடத்துக்குப் பக்கத்தில் வைத்து ஊரே மண்டியிடுவதா? அதோடு, அக்காவின் அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் பேச எனக்கு வராது.

"அக்கா, கோவப்படாத. இவங்க யாருன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்."

ஹாரூன் கைபேசிக்கு அனுப்பியிருந்த படத் துண்டைப் போட்டுக் காட்டினேன். அக்கா கைபேசியை இடது கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நிற்கும் காட்சியில் அவள் உதடு செபம் முணுமுணுத்தது. அடுத்த காட்சி வந்தது.

"என்னா குடிக்கிறாங்க?"

"வைன்."

"பூசை வைனா?"

"இல்லக்கா. கடை வைன்."

அந்த ஆளை அறைந்ததையும் பார்த்தாள். கைபேசியை மேசையில் வைத்தாள். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப இந்தக் கண்ணீரும் நடிப்பா?"

"அது மட்டும் நெசம்க்கா," என்று ஆர்க் லைட்டையும் உருளைக்கிழங்கையும் கடைசிக் காலத்தையும் சொன்னேன். கேட்டாளா என்று தெரியவில்லை. எழுந்து படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினாள்.

"ஆபரேசனும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ வீட்டுக்குப் போ."

"அக்கா, கண்ணு போயிரும்க்கா."

"போனா போவுது. போடி."

திரும்புகையில் உலு திராம் வரைக்கும் நல்ல மழை. வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டேன், ஹாரூனைத் திட்டினேன், அந்தச் சைக்கிள் சாமியாரையும் விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அக்காவுக்குக் கண்ணாவது மிஞ்சியிருக்கும் என்று தோன்றியபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

பெயர் வாசித்தார்கள்

காலையில் போன் அடித்தது. அக்கா.

"அந்த அம்மாவுக்குப் புள்ள குட்டி இல்லன்னு சொன்ன இல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப செத்ததுக்கு யாரு பூசை வச்சா?"

"பிரான்சுல யாராச்சும் வச்சிருப்பாங்க."

"வச்சிருப்பாங்கன்னா? நீ பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன். அக்காவே தொடர்ந்தாள்.

"நம்ம தோட்டமே போய் அவங்ககிட்ட கண்ணு கேட்டுச்சு, லூர்து. எங்கண்ணு, எம்புருசன் கண்ணு, காமாட்சி கண்ணு. அவங்க கண்ணே வெந்து போயிருக்கு. அவங்களுக்காக ஒருத்தரும் கேக்கல. ராத்திரியெல்லாம் எனக்கு இதுதான்டி. கிளம்பி வா, கோயிலுக்குப் போவணும்."

எங்கள் கத்தோலிக்க வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புனிதர்களிடம் நாங்கள் கேட்போம். இறந்த சாதாரண மனிதர்களுக்காகக் கடவுளிடம் கேட்போம், பூசை ஒப்புக்கொடுப்போம், பூசையில் அவர்கள் பெயரை வாசிப்பார்கள். அக்கா பார்வையம்மாவை அந்த வரிசையிலிருந்து இந்த வரிசைக்கு மாற்றிவிட்டாள். பதவி இறக்கம்தான். ஆனால் அதற்காக அவள் பட்ட பாட்டைப் பார்த்தால் பதவி உயர்வு போலிருந்தது.

கோயில் அலுவலகத்தில் இருந்த பெண் பெயரைக் கேட்டுவிட்டுப் பேனாவோடு நிமிர்ந்தாள்.

"வெள்ளக்காரங்களாம்மா? உங்களுக்கு என்ன உறவு?"

"எங்க வீட்டுலதான் இருக்காங்க," என்றாள் அக்கா.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை மாலைப் பூசை. அக்கா நல்ல சேலை கட்டி வந்தாள். காமாட்சியும் வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆத்தும இளைப்பாற்றிக்கான பெயர்களை ஃபாதர் வாசித்தார். சூசையம்மாள், அந்தோணிசாமி, சவரிமுத்து. அப்புறம் கொஞ்சம் தயங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சொலான்ஜ் கார்வெல். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், எங்கள் அம்மாவின் பெயரை வாசிக்கும்போது குனிவதைப்போல.

வீட்டுக்கு வந்ததும் படத்தைத் திருப்பிக் கூடத்தைப் பார்க்க மாட்டினாள். பொன் வளையத்தை என்ன செய்வது என்று கேட்டேன்.

"இருக்கட்டும். இத்தன வருசம் போட்டிருந்தாங்க. அழிச்சா கன்னமும் சேந்து போயிரும்."

அறுவையைப் பற்றி அவள் பேசவில்லை. கேட்க எனக்குப் பயம்.

அந்தக் காலை

கண் தப்பியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசகர்களை இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது. கட்டு அவிழ்த்த பிறகு அக்காவின் இடது கண்ணில் பழைய பார்வை அப்படியே நின்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் அதுவே பெரிய விஷயம் என்றார். நான் சொல்ல வந்தது அறுவை நாளன்று காலையில் நடந்ததை.

வருவாளோ மாட்டாளோ என்று தெரியாமலே போனேன். காரில் பின்னிருக்கையில் படத்துக்காகப் பெரிய துண்டு ஒன்றும் கயிறும் வைத்திருந்தேன். அக்கா தலை சீவி, பையோடு வாசலில் நின்றாள். கதவைப் பூட்டினாள். வந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். கையில் துணிப் பை ஒன்றுதான்.

"படத்த எடுக்கலயாக்கா?"

"வேணாம்."

"அவங்க வந்தாத்தான் வருவேன்னு சொன்னியே. நான் தாதிகிட்டகூடப் பேசி வச்சிருக்கேன்."

அக்கா என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். ஒரு கண் போனதிலிருந்து அவள் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள். விரல்கள் பையின் காதைப் பிசைந்துகொண்டிருந்தன. பயம் எங்கும் போய்விடவில்லை.

"லைட்டுக்கு முன்னால நின்னு நின்னுதானேடி அவங்க கண்ணு போச்சு. மறுபடி கூட்டிட்டுப் போய் அத்தன லைட்டுக்கு நடுவுல நிறுத்தச் சொல்றியா? அவங்க வீட்டுல இருக்கட்டும். நான் போய்ட்டு வரேன்."

சொல்லிவிட்டு இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.